அமைதியாக்கப்பட்ட கரை

கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சியில் உள்ள குவாதலூப் தீவின் கிழக்கு முகத்தில் கப்பெஸ்தேர் என்றொரு கரையோர வட்டாரம் இருக்கிறது. முன்னால் அட்லாண்டிக் கடல், பின்னால் எரிமலைச் சரிவு, நடுவில் வாழைத் தோட்டங்கள். சந்தடி இல்லாத இடம், மனம் ஆறும் இடம் என்றே அதைப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்துகிறார்கள். அங்கே ஷாங்கி என்ற இடத்தில், சாலையோரமாக, வண்ணச் சுதைச் சிற்பங்களோடு மாரியம்மன் கோயில் ஒன்று நிற்கிறது. இந்தப் பக்கம் கடலூர் மாவட்டத்தின் கரையைப் பார்ப்போம். கடிலம் கடலில் சேரும் தேவனாம்பட்டினம், வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டை, அதற்குத் தெற்கே கிள்ளை, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. சிதம்பரத்தில் நடராசரை வணங்கிவிட்டு மாலையில் படகேறப் போகிறவர்களுக்கும் இதே சொற்கள்தான் சொல்லப்படுகின்றன: அமைதி, இயற்கை, தனிமை. இரண்டு கரைகளுக்கும் ஒரே விளம்பரம் பொருந்துவது தற்செயல் அல்ல என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த அமைதி ஆதியிலிருந்தே அங்கே குடியிருந்ததல்ல. வணிகமும் போரும் கப்பல்களும் மனிதரும் வந்து, பிறகு வெளியேற்றப்பட்டு, மிஞ்சியது அது. அதை இயற்கையின் கொடை என்று எண்ணிக்கொள்வதால் அங்கே வாழ்ந்தவர்களின் வரலாறு நம் கண்ணில் படாமல் போகிறது.

பரங்கிப்பேட்டையிலிருந்து தொடங்கலாம். செஞ்சி நாயக்கர் கிருஷ்ணப்பரின் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், வெள்ளாற்று முகத்துறை பெரிய ஊராக எழுந்தது. போர்த்துகீசியர் அதைப் போர்ட்டோ நோவோ என்றார்கள்; முகலாய, நவாபு ஆவணங்களில் அது மஹ்மூது பந்தர். ஒரே துறைக்கு இத்தனை பெயர்கள் இருந்ததே அங்கே எத்தனை வகை மனிதர் வந்து போனார்கள் என்பதற்குச் சான்று. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் டேனியரும் அங்கே வணிகம் செய்தார்கள். ஆனால் ஐரோப்பியரை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பிவிடும். அந்தத் துறையின் உண்மையான பலம் தமிழ் முஸ்லிம் கடல்வணிகரான மரைக்காயர்களின் மரக்கலங்கள். அச்சே, கெடா, மலாக்கா என்று வங்கக் கடலின் மறுகரை முழுவதும் அவர்கள் துணி கொண்டுபோய், தகரமும் பாக்கும் மிளகும் யானையும் ஏற்றிவந்தார்கள். ஐரோப்பியக் கம்பெனிகள் வருவதற்கு முன்பே இருந்த வணிகம் இது. கம்பெனிகள் வந்த பிறகும் நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. வடக்கே தேவனாம்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே செஞ்சி நாயக்கரின் அனுமதியோடு டச்சுக்காரர் பண்டகசாலை வைத்துவிட்டார்கள். சென்னையில் ஆங்கிலேயர் கால் வைக்க அப்போது இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன.

1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் ராஜாராமிடமிருந்து வாங்கியது. அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல், பின்னாளில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவர். கோட்டையோடு சேர்த்து, சுற்றிலும் பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரையுள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். செப்டம்பரில் நாலாபக்கமும் பீரங்கி வெடித்து எல்லை குறித்தார்கள். குண்டு விழுந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் ஆயின. கடலூரை ஒட்டிய குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. அங்கே பயிர் செய்துகொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டப்பட்ட அந்த இடம், 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமே ஆயிற்று. 1752 வரை ஆறாண்டுகள் கடலூரிலிருந்துதான் ஆணைகள் போயின. சென்னையிலிருந்து வேடமிட்டுத் தப்பிவந்த எழுத்தர் ராபர்ட் கிளைவ் பட்டாளத்தில் சேர்ந்தது இங்கே. 1756இல் இதே கோட்டைக்கு ஆளுநராக வந்ததும் அவரே. பின்னாளைய பேரரசின் முதல் கணக்குகளில் சில இந்த மணலில் எழுதப்பட்டன என்றால் அது மிகை ஆகாது.

இந்தக் கோட்டையும் துறையும் எதற்காக? துணிக்காக. கடலூர், புவனகிரி, சிதம்பரம் வட்டாரங்களில் நெய்த நீளத்துணியும் சேலம்பூரும் கம்பெனியின் முதலீட்டில் பெரும்பங்கு. இந்த வட்டாரங்கள் அடங்கிய தென்னார்க்காட்டில் விளைந்த அவுரியில் தோய்த்த நீலத்துணிக்குத் தனிச் சந்தை இருந்தது. லண்டனுக்கும் பிரான்சின் துறைகளுக்கும் போன அந்தத் துணியில் ஒரு பகுதி ஐரோப்பியர் உடுத்துவதற்கானது அல்ல. கினியாத் துணி என்ற பெயரோடு அது மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு மறுபடி கப்பலேறியது. அங்கே மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பண்டங்களில் சோழமண்டலக் கரையின் துணி முக்கியமான ஒன்று. அப்படி வாங்கப்பட்டவர்கள் குவாதலூப்பிலும் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மார்த்தினீக்கிலும் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டார்கள். தறியில் உட்கார்ந்தவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் மீது குற்றம் சுமத்துவதும் நியாயமில்லை. ஆனால் தொடர்பு உண்மையானது. கப்பெஸ்தேரின் கரும்புக் காட்டுக்கும் கடலூர்ச் சீமையின் தறிக்கும் இடையே 18ஆம் நூற்றாண்டிலேயே வணிக வழி இருந்தது. அது ஆப்பிரிக்கா வழியாகப் போனது. இந்தக் கரையே அடிமை வணிகத்துக்கு அந்நியமானதும் அல்ல. 17ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர் ஆயிரக்கணக்கான தமிழரை வாங்கி இலங்கைக்கும் ஜாவாவின் படேவியாவுக்கும் ஏற்றினார்கள். ஆகவே, அன்று பரபரப்பாக இருந்ததால் நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. அந்தப் பரபரப்புக்குள் மிகப் பெரிய கொடுமையும் இருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்தக் கரை அடங்கியதற்கு இயற்கைதானே காரணம்? வெள்ளாறும் கடிலமும் முகத்தில் மணல் தள்ளுகின்றன. கப்பல் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் புயல். இதில் பொய்யில்லை. 1749 ஏப்ரலில் அடித்த புயலில் ‘நாமூர்’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் புனித டேவிட் கோட்டைக்கு அருகே மூழ்கி ஐநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் மணலும் புயலும் 1749இல் புதிதாக வந்தவை அல்ல. அந்த மணல் இருக்கும்போதேதான் இரு நூற்றாண்டுக் காலம் வணிகம் நடந்தது. பெரிய கப்பல் தொலைவில் நங்கூரமிடும். மசூலாப் படகும் கட்டுமரமும் சரக்கையும் ஆளையும் அலை தாண்டிக் கொண்டுவரும். சென்னையிலும் இதே கதைதான். அங்கே ஆறு இன்னும் மோசம், அலை இன்னும் முரடு. 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கும்வரை அங்கும் படகுதான் கதி. புயல் கோட்டையை உலுக்கிய பிறகும் மூன்றாண்டுகள் தலைமையிடம் கடலூரிலேயே இருந்தது. 1752இல் அது சென்னைக்குத் திரும்பியது அரசியல் முடிவு. ஓர் இடத்தில் பணத்தைக் கொட்டிக் கடலை அடக்குவதா, இன்னோர் இடத்தை மணலுக்கு விட்டுவிடுவதா என்பதை ஆட்சியாளர் தீர்மானித்தார்கள். மணல் அந்தத் தீர்மானத்துக்கு ஒத்தாசை செய்தது, அவ்வளவே.

இந்தக் கரையை முதலில் உடைத்தது போர். அந்தப் போர் உள்ளூர்ச் சண்டை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. 1758 ஜூனில் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார். மறு ஆண்டு, அதே போரில், ஆங்கிலேயர் குவாதலூப் தீவைப் பிடித்தார்கள். 1763இல் பாரிசில் உடன்படிக்கை எழுதியபோது குவாதலூப்பும் புதுச்சேரியும் பிரான்சுக்குத் திருப்பித் தரப்பட்டன. கனடாவை வைத்துக்கொள்வதா குவாதலூப்பை வைத்துக்கொள்வதா என்று லண்டனில் அப்போது பெரிய விவாதமே நடந்தது. சர்க்கரைக்கு அவ்வளவு மதிப்பு. அடுத்த போரிலும் இதே இணை. 1782 ஏப்ரலில் குவாதலூப்பின் தெற்கே, கப்பெஸ்தேர் வட்டாரத்துக்கு எதிரே கிடக்கும் சேந்த் தீவுகளை ஒட்டி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பெரும் கடற்போர் புரிந்தார்கள். 1783 ஜூன் 20இல் அதே போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று கடலூருக்கு எதிரே நடந்தது: கரையில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தார்கள், கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சூஃப்ரேனும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் முன்பே பேசி முடிந்திருந்தது. செய்தி வந்துசேரத்தான் தாமதம். அந்தச் சில மாதத் தாமதத்தில் இங்கே நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்.

இடையில் ஹைதர் அலியின் படை. 1780இல் அவர் மகன் கரீம் சாகிபு பரங்கிப்பேட்டையைச் சூறையாடினார். 1781 ஜூலை 1ஆம் தேதி அதே ஊருக்கு அருகில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஹைதரைத் தோற்கடித்தார். பாடநூலில் அது ஆங்கிலேயரின் வெற்றி. கரையில் வாழ்ந்தவர்களுக்கு அது தறி நின்றுபோன ஆண்டு. இரு தரப்புப் படைகளும் ஊர்களைச் சுட்டெரித்து, கால்நடைகளை ஓட்டிக்கொண்டு போன சீமையில் நூல் எங்கிருந்து வரும், பாவு யார் போடுவார்? தப்பி ஓடிய நெசவாளர் பலர் திரும்பி வந்தார்கள் என்பதும் உண்மை; நெசவு அழியவில்லை. குறிஞ்சிப்பாடிக் கைலி இன்றும் உலகச் சந்தைக்குப் போகிறது. ஆனால் துறையோடு அதற்கிருந்த நேரடித் தொடர்பு அறுந்தது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் சீமை முழுவதும் கம்பெனிக்கு வந்தபோது, போட்டியாளர் யாரும் இல்லாத நிலையில் கம்பெனிக்குப் பல துறைகள் தேவைப்படவில்லை. மான்செஸ்டர் ஆலைத் துணி வந்தது. 1833இல் கம்பெனி வணிகத்தையே விட்டுவிட்டது. பினாங்கும் சிங்கப்பூரும் எழுந்தபோது மரைக்காயர் பலர் அங்கேயே வீடும் கடையும் பள்ளிவாசலும் அமைத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. துறைக்குக் கப்பல் வரவில்லை.

பரங்கிப்பேட்டை இதற்குப் பிறகும் ஒருமுறை எழப் பார்த்தது. அந்த அத்தியாயத்தை நம் நாட்டுத் தொழில் வரலாறு இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை. கம்பெனியின் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் இங்கே இரும்பு உருக்காலை நிறுவினார். ஐரோப்பிய முறையிலான உலைகளில் வார்ப்பிரும்பு எடுக்கும் முயற்சிகளில் இந்தியாவிலேயே இது முன்னோடி. சேலத்துக் கஞ்சமலைச் சீமையின் காந்தக்கல் தாது உயர்ந்த தரம். அதைக் காவிரி, கொள்ளிடம் வழியாகப் படகில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். எரிபொருள் மரக்கரி. பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குப் போனது. வேல்சில் கட்டிய பிரித்தானியா பாலத்தில் அது பயன்பட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கரிக்காகக் காடுகள் வெட்டவெட்ட, கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. தொலைவு கூடக்கூட விலை கூடிற்று. கம்பெனி கடன் கொடுத்தது, சலுகை கொடுத்தது. ஆனால் தான் வாங்கும் இரும்பை இங்கிருந்து வாங்குவது என்ற ஒரே ஒரு முடிவை எடுக்கவில்லை. நிலக்கரியில் உருக்கிய ஆங்கில இரும்பு இந்தியாவிலேயே மலிவாக இறங்கியது. 1860-களில் உலை அணைந்தது. எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்ற அதே ஹீத், ஷெஃபீல்டில் பிறர் அதனால் செல்வம் சேர்க்க, வழக்காடி நொந்து 1851இல் இறந்தார். வெள்ளாற்றங்கரையில் புகைபோக்கிகள் நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதை, இன்று அங்கே படகேறும் ஒருவரால் ஊகிக்கவும் முடியாது.

அப்படியானால் பிச்சாவரம்? அதுவாவது மனிதக் கைபடாத காடு அல்லவா என்று கேட்கலாம். அதுவும் அல்ல. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் அந்த உவர்நிலத்துக்குரியது. அந்தக் காடு ஒரு காலத்தில் ஊர்வரை பரவியிருந்தது என்ற நம்பிக்கை பழமையானது. பிரிட்டிஷ் ஆட்சியில் வனத்துறை இக்காட்டை விறகுக்காகக் கூறு போட்டு முறைவைத்து மொட்டையடித்தது. அந்த வழக்கம் விடுதலைக்குப் பின்னும் 1970-கள் வரை நீடித்தது. வெட்டிய இடங்கள் வெயிலில் காய்ந்து குழிந்தன. ஓத நீர் உள்ளே வந்தால் வெளியேறாமல் தேங்கி, உப்பு ஏறி, செடி முளைக்காத பொட்டலாயின. கொள்ளிடத்தில் வரும் நன்னீரும் அணைகளால் குறைந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை ஓட விட்ட பிறகே கண்டலும் சுரபுன்னையும் மீண்டும் எழுந்தன. 2004 ஆழிப்பேரலையில் இந்த மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தபோது, மரத்திரைக்குப் பின்னே இருந்த ஊர்கள் தப்பியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அந்த மரத்திரையில் ஒரு பகுதி மக்கள் மண்வெட்டியால் மீட்டெடுத்தது. முதலாளியும் வலையும் இல்லாமல், சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர்கள் அந்த வாய்க்கால்களிலேதான் பிழைக்கிறார்கள். பயணி காணும் இயற்கைக்குப் பின்னால் இத்தனை வெட்டும் இத்தனை உழைப்பும் இருக்கின்றன.

சரக்கு போவது நின்ற இந்தக் கரையிலிருந்து அடுத்துப் போனவர்கள் மனிதர்கள். 1848 ஏப்ரலில் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் தோட்ட முதலாளி சொன்ன கூலிக்கு வேலை செய்ய மறுத்தார்கள். எந்த மனிதரும் மறுக்கத்தான் செய்வார். ஆகவே முதலாளிகள் வேறு உடல்களைத் தேடினார்கள். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் தமிழ்க் கூலிகளை மார்த்தினீக்கில் இறக்கியது; 1854 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் அதே கப்பல் குவாதலூப் வந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மார்த்தினீக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் போனார்கள். பின்னாளில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் போயின என்றாலும், பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம், முடிவில் கரும்புக் காடு. குவாதலூப்புக்குப் போனவர்களில் நாலில் ஒரு பங்கினர்கூட ஊர் திரும்பவில்லை. முதல் ஆண்டுகளிலேயே காய்ச்சலிலும் உழைப்பிலும் மாண்டவர்கள் ஏராளம். முன்பு இந்தக் கரையின் துணியைக் கொடுத்து வாங்கிய மனிதர்கள் உழைத்த அதே தோட்டங்களில், இப்போது இந்தக் கரையின் மனிதர்களே இறங்கினார்கள்.

புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு மண். அங்கிருந்து போனவர்களைக் கடலூர், சிதம்பரம் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்பவர்கள் நிலப்படத்தைப் பார்க்க வேண்டும். புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. தென்னார்க்காட்டுக்குள் சிதறிக் கிடந்த ஊர்களின் தொகுதி. அதன் தென்கோடியான பாகூர்ச் சீமையைக் கடந்தால் கடலூர். அவ்வளவு சிறிய நிலத்திலிருந்து பல்லாயிரம் பேரைத் தொடர்ந்து முப்பது ஆண்டுகள் திரட்ட முடியாது. ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் எல்லை தாண்டித் தென்னார்க்காட்டிலும் தஞ்சாவூரிலும் ஊர் ஊராகப் போனார்கள். அதனால்தான் ஆங்கில அரசு ஓயாமல் முறையிட்டது. அதனால்தான் 1861 ஜூலையில் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்து, பிரெஞ்சுத் துறைகளில் ஆங்கில முகவரை அமர்த்தும் நிலை வந்தது. எல்லாரும் புதுச்சேரிக்காரரே என்றால் அப்படி ஓர் உடன்படிக்கைக்கே தேவை இருந்திருக்காது. தாது வருஷப் பஞ்சம் வந்த 1876இலும் அதை அடுத்தும் மேஸ்திரிக்கு வேலை இன்னும் எளிதாயிற்று. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் என்று தனித்தனியே பிரித்துச் சொல்வதை நான் இங்கே முயலவில்லை. ஆள் திரட்டிய நிலப்பரப்பு இது என்பதே என் வாதத்துக்குப் போதும்.

யார் போனார்கள் என்பதும் வாதத்தின் பகுதி. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை கட்டிய பிறகு சிதம்பரம் வட்டத்தில் நெல் செழித்தது. நெல் செழித்த நிலத்தில் உழைத்தவர்கள் பண்ணையாட்கள். பெரும்பாலும் நிலமற்ற தாழ்த்தப்பட்ட சாதியினர். 1843இல் சட்டப்படி அடிமை முறைக்கு அங்கீகாரம் போயிருந்தாலும் கடனும் வழக்கமும் அவர்களைக் கட்டியே வைத்திருந்தன. சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டுத் தவிக்கும் ஒரு பண்ணையாளின் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது. காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி அதை அச்சிடத் துணைநின்றார். அதே காரைக்காலில், அதே ஆண்டுகளில், நந்தனின் நிலையிலேயே இருந்த ஆண்களும் பெண்களும் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஒன்று நம் இசை வரலாற்றில் இடம்பெற்றது. மற்றொன்று நம் நினைவில் இல்லை. கப்பலேறியவர்கள் கொண்டுபோனவை சில: மாரியம்மன், மதுரை வீரன், உடுக்கு, தீமிதி. கடல் கடத்திக் காப்பவர் என்று நாகூர் ஆண்டவருக்கும் அந்தத் தீவுகளில் கொடி ஏற்றினார்கள். இந்தக் கரையில் கிள்ளையில் மாசிமகத்துக்கு வரும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளை தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வது வழக்கம். அந்த வழக்கத்தை அறிந்தவருக்கு மாரியம்மன் கோயில் முற்றத்தில் நாகூர்க் கொடி பறப்பதில் வியப்பு இராது.

இந்தக் கரை அமைதியாக்கப்பட்டது என்பதற்கே எதிரான மறுப்பும் உண்டு. கடலூர்க் கரை அமைதியாகவே இல்லையே. சிப்காட் இரசாயன ஆலைகளின் நாற்றத்தையும் நிலத்தடி நீர் கெட்டதையும் சொல்லாமல் அமைதி என்று எழுதலாமா? எழுதக் கூடாதுதான். ஆனால் அது என் வாதத்தை மறுக்கவில்லை. அதன் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஓர் இடத்துக்கு வரலாறு இல்லை, அங்கே யாரும் பேசப் போவதில்லை என்று வெளியார் நினைத்துக்கொள்ளும்போதுதான் அடுத்து என்ன வேண்டுமானாலும் அங்கே இறக்கிவைக்க முடிகிறது. குவாதலூப்பிலும் இது நடந்தது. கப்பெஸ்தேர் உள்ளிட்ட வாழைத் தோட்டப் பகுதியில் 1993 வரை குளோர்டெக்கோன் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். பிரான்சின் தாய்நிலத்தில் 1990இலேயே தடை செய்த நஞ்சு அது. இன்றும் அந்த மண்ணிலும் ஆற்று மீனிலும் இருக்கிறது. பயணி மெச்சும் பச்சை வாழைத் தோப்புகள் நிற்பது அந்த மண்ணில்தான்.

கடைசியாக, மிக வலுவான மறுப்பு: போனவர்கள் நல்வாழ்வு தேடித்தானே போனார்கள், அதைத் துயரமாக மட்டும் ஏன் எழுதவேண்டும்? இதற்கு விடை கப்பெஸ்தேரிலேயே இருக்கிறது. 1863இல் அங்கே இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஆன்றி சிதம்பரம். பெயரை வைத்து அவர் குடும்பம் நம் சிதம்பரத்திலிருந்து போனது என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்நாடு முழுவதும் வைக்கும் பெயர் அது. அவர் செய்ததுதான் முக்கியம். நகராட்சி உறுப்பினராக இருந்த அவர் 1904இல், தீவில் பிறந்த இந்தியரின் பிள்ளைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முனைந்தார். ஆளுநர் எதிர்த்தார்: இவர்கள் பிரெஞ்சுக் குடிகள் அல்லர், இங்கிலாந்தின் குடிகள் என்றார். சுமார் இருபது ஆண்டுகள் சிதம்பரம் வழக்காடினார். 1923இல் அவர்களுக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் கிடைத்தன. அதே 1923இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. சொத்தும் வரியும் உடைய மிகச் சிறு பகுதியினரே அதில் வாக்களித்தார்கள். சிதம்பரம் வட்டத்துப் பண்ணையாள் வாக்குச்சாவடிக்குப் போனது 1952இல். ஆக, கரும்புக் காட்டில் பிழைத்து எஞ்சியவரின் பேரன் ஊரில் இருந்துவிட்டவரின் பேரனுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பே வாக்களித்தான். இதைச் சொல்லி ஒப்பந்தக் கூலி முறையை நியாயப்படுத்த முடியாது. அந்த உரிமையைக் கப்பல் கொடுக்கவில்லை, தோட்ட முதலாளியும் கொடுக்கவில்லை, இருபதாண்டு வழக்கு கொடுத்தது. ஊரில் இருந்தவர்களின் நிலையையும் இதைச் சொல்லாமல் எழுத முடியாது. கப்பெஸ்தேரில் ஆன்றி சிதம்பரத்தின் பெயரை அறிந்தவர்கள் இருக்கிறார்கள், அவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டை உலையைப் பற்றியும், குண்டு விழுந்த ஊர்களைப் பற்றியும் அதே பாடத்தில் சொல்லலாம்.